படங்கு முடிச்சு

எங்கள் அலுவலகத்தில் கீழிருந்து மாடிக்கு ஏறும் படிகள் பாதியில் ஒருமுறை திரும்பும். அந்தத் திருப்பத்துச் சுவரில், ஏறுகிறவர் கண்ணுக்கு நேரே, ஆளுயரப் புகைப்படம் ஒன்று மாட்டியிருக்கிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண். முதுகில் கூடை, தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்கு. கிளைகள் சேலையைக் கிழிக்காமலும் செடியின் ஈரம் உடம்பில் ஏறாமலும் இருக்க, கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் முரட்டுச் சாக்குத் துணிக்குத்தான் எங்கள் பக்கத்தில் படங்கு என்று பெயர். பின்னால் ஹேவாஹெட்ட மலை பாதி மூட்டத்தில் நிற்கிறது. அந்தப் பெண் சிரிக்கிறாள் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ஒருநாளும் சிரிப்பாகத் தெரிந்ததில்லை.

இதே படம்தான் எங்கள் நிறுவனம் தன்னைப் பற்றி அச்சிடும் கைநூலுக்கும் அட்டை. அட்டையில் ஓரங்களை வெட்டிவிட்டார்கள். சுவரில் இருப்பது வெட்டாத முழுப் படம். அதன் வலது ஓரத்தில், படங்கின் முடிச்சுக்குப் பக்கத்தில், இரண்டு விரல்கள் தெரிகின்றன. முடிச்சை இறுக்கிவிட்டு விலகப்போகிற விரல்கள். ஒன்றில் குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு. சின்ன வயதில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு அது. ஐந்து வருடமாக அந்தப் படிகளில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிறேன். அவை யாருடைய விரல்கள் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வேலை பார்ப்பது கண்டி வாவிக்கு மேலே ஏறிப்போகும் ஒரு தெருவில். வெளிநாட்டிலும் கொழும்பிலும் உள்ள வசதியானவர்கள் தங்கள் பணத்தை எங்களிடம் தருவார்கள். நாங்கள் அதைச் சின்னச் சின்னத் தொழில்களில் முதலாகப் போடுவோம். வெறும் லாபம் வந்தால் போதாது. அந்தத் தொழிலால் நாலு ஏழைகளின் வாழ்க்கை மாற வேண்டும், மாறியதை நாங்கள் காட்டவும் வேண்டும். சமூக முதலீடு என்று சொல்வார்கள். கெட்ட காரியம் என்று நான் சொல்லமாட்டேன். திகனவில் வீட்டிலிருந்தே பை தைக்கும் பெண்களும் கலகெதரப் பக்கம் கித்துள் மரத்துப் பாணி காய்ச்சுகிறவர்களும் எங்கள் பணத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘காட்டுவது’ என்று ஒரு பாதி இருக்கிறதே, அதுதான் என் பொறுப்பு. கதை திரட்டுவது, படம் எடுக்க ஏற்பாடு செய்வது, வருகிற பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பது. எங்களிடம் ஒரு படிவம் உண்டு. அதில் இரண்டு கட்டம். ஒன்று ‘முன்பு’, மற்றது ‘இப்போது’. முன்பு கட்டம் எவ்வளவுக்கெவ்வளவு பரிதாபமாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு இப்போது கட்டத்துக்கு மவுசு என்பதை வேலையில் சேர்ந்த முதல் மாதமே புரிந்துகொண்டேன். அதை நிரப்புவதில் நான் கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கினேன்.

அந்த அலுவலகத்தில் எனக்கு ஊர் கண்டி. விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதினேன். பள்ளிக்கூடம் போக சித்தப்பா வீட்டில் தங்கியிருந்த முகவரி அது, பொய் என்று யாரும் பிடிக்க முடியாது. ஹேவாஹெட்டத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் மூன்றாவது காம்பராவில் பிறந்தவள், அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார் என்பதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. தோட்டத்துக்காரி என்று அங்கே யாரும் யாரையும் இளக்காரமாகப் பேசியதில்லை. இருந்தாலும் எனக்கு ஒரு பயம். சொல்லிவிட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன், படிவத்தை நிரப்புகிறவள் படிவத்துக்குள் போய்விடுவாள் என்று. அம்மாவின் பேச்சு தவறியும் வாயில் வந்துவிடக் கூடாதென்று, தோட்டங்களுக்குப் போனால்கூட, செய்தி வாசிக்கிறவர்களைப் போல ஒரு தமிழைப் பேசினேன்.

அப்படிப் பேசிக்கொண்டுதான், படத்தில் இருக்கும் அந்த முதலாளியம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

அவருடைய தொழில் நடந்தது, ஹேவாஹெட்டப் பக்கமே வேறொரு தோட்டத்தில், ஒரு பழைய பிள்ளைக்காம்பராவில். மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகத் தோட்டம் கட்டிக்கொடுத்த இடம். புதிதாக வேறொன்று கட்டியதும் பழையது வௌவால்களுக்குப் போய்விட்டது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் நாலு தடவை நடந்து அதை வாங்கி, கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, உள்ளே காளான் வளர்த்துக்கொண்டிருந்தார். மரத்தூளையும் தவிட்டையும் கலந்து பைகளில் அடைத்து, பீப்பாயில் வைத்து அவித்து, ஆறிய பிறகு விதை போட்டு, வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். முன்பு தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கிகளில் இப்போது பைகள் தொங்கின. ஒவ்வொரு பையின் வயிற்றிலிருந்தும் வெள்ளை வெளேரென்று சிப்பி சிப்பியாகக் காளான் எட்டிப்பார்த்தது. ஆறு பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். காளானை விடியும்போதே பறித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் விளிம்பு சுருண்டு போய்விடும். அவர் பக்கத்தில் நிற்க, பெண்கள் பறிப்பார்கள், முதல் பஸ்ஸில் அவரே கண்டிக்குக் கொண்டுபோய் இரண்டு ஹோட்டல்களில் கொடுத்துவிட்டு வருவார்.

முதல் நாள் நான் வாசலில் கால் வைக்கப் போனேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“செருப்பு வெளிய, மிஸ். காலு, கை ரெண்டும் கழுவணும். நல்லா தொடச்சிட்டு வாங்க.”

கழுவினேன். வாசலில் கால் துடைக்க ஒரு மிதியடி கிடந்தது. “தொரை வந்தாலும் இதேதான்,” என்றார், நான் எதுவும் கேட்காமலே. “நம்ம காலுல வாற அழுக்குத்தான் இதுக்கு எமன். ஒரு பையில பச்சப் பூஞ்சணம் புடிச்சா ரூமே போயிரும்.”

முதலாளியம்மா என்ற பெயர் கேலியாகத்தான் வந்தது. தோட்டத்தில் பேர் பதிந்திருப்பது என்றால் நீங்கள் தோட்டத்தின் ஆள். காலையில் மணி அடித்தால் மலைக்குப் போக வேண்டும், போகாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். இவர் இருபத்திரண்டு வருடம் அப்படி இருந்துவிட்டு, ஒருநாள் தானாகவே தோட்டத்து அலுவலகத்துக்குப் போய்ப் பேரை வெட்டிக்கொண்டு வந்தார். அந்த லயத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. தோட்டம்தான் கோபத்தில் ஆட்களின் பேரை வெட்டும், ஆள் போய்த் தன் பேரைத் தானே வெட்டிக்கொள்வாரா? “மொதலாளியம்மா வாறாங்க, வழி விடுங்கடி” என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் சிரித்தார்களாம். இவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “வாறேன்தான். வேலை வேணும்னா நாளைக்கு மூஞ்சியக் கழுவிட்டு வாங்க” என்றாராம். மூன்று பேர் வந்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. கண்டி ஹோட்டலில் சாமான் எடுக்கிற சிங்கள ஐயாகூட மற்ற வியாபாரிகளைப் போலவே இவரையும் முதலாளி என்றுதான் கூப்பிட்டார். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குப் பெருமை முகத்தில் கொள்ளவில்லை.

புறப்படும்போது வாசலில் கிடந்த மிதியடியைக் காலால் லேசாகத் தட்டிக் காட்டினார். “இது என்னான்னு தெரியுமா மிஸ்? இருவத்தி ரெண்டு வருசம் என் இடுப்புல கெடந்த படங்கு. பேர வெட்டின அன்னைக்கே கீழ போட்டுட்டேன்.”

“அப்படியா?” என்றேன், ஏதோ புதிய சொல்லைக் கேட்டவளைப் போல. இந்த வேலையில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அந்த ஒரு சொல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவருடைய தொழிலை எங்கள் நிறுவனத்துக்கு எடுத்துச் சொன்னவள் நான்தான். உண்மையாகவே ஆசைப்பட்டுச் சொன்னேன், அதையாவது என் பக்கம் எழுதிக்கொள்ளலாம். பணம் போடுகிறவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானது. வயதான வெளிநாட்டுத் தம்பதி, ஒரு படப்பிடிப்பாளர், கூடவே எங்கள் பணிப்பாளர். முதலாளியம்மா அந்த நாளுக்காகக் கண்டியில் ஒரு சேலை எடுத்திருந்தார். பழுத்த மாம்பழ நிறம், ஓரத்தில் மெல்லிய பச்சைக் கரை. தோளில் ஒரு கைப்பை. பார்த்தால் வங்கியில் வேலை செய்கிறவர் லீவில் வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பீர்கள்.

வந்தவர்களையும் அவர் விடவில்லை. செருப்பு, சப்பாத்து எல்லாம் வெளியே. அந்த வெள்ளைக்காரப் பெரியவர் காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குழாயடியில் கால் கழுவினார். அவருடைய மனைவி சிரித்துச் சிரித்துக் கழுவினார். படங்கு மிதியடியில் கால்களை மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையில் உள்ளே போனார்கள். முதலாளியம்மா ஒவ்வொரு பையாகக் காட்டி விளக்கினார். அவரிடம் எதைப் பற்றி அதிகம் பெருமைப்படுகிறீர்கள் என்று அந்த வெள்ளைக்கார அம்மா கேட்டார். “தெரியாதது இன்னும் நெறைய இருக்கு. ஆனா இங்க நான் யாரு முன்னாலயும் கை கட்டி நிக்கல. அத மட்டும் சரியாச் சொல்லுங்க மிஸ்,” என்றார். சரியாகவே சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே எல்லோரும் வாகனத்தில் ஏறியிருந்தால் நான் இன்று இதை எழுதவேண்டி வந்திருக்காது.

படப்பிடிப்பாளருக்குத் திருப்தி வரவில்லை. உள்ளே எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பணிப்பாளர் என்னை ஓரமாக அழைத்தார். இவர் முன்பு கொழுந்து எடுத்தவர் என்பது இந்தப் படங்களில் எங்கேயும் இல்லையே, பழைய படம் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். இருக்காது என்றேன். அப்படியானால் இப்போது ஒருமுறை கூடையுடன் நிற்பாரா என்று கேட்டுவிட்டு, அவரே உடனே, “அவருக்குச் சங்கடம் என்றால் வேண்டவே வேண்டாம். நீங்கள்தான் சொல்ல வேண்டும், உங்களுக்குத்தான் இந்த மக்களைத் தெரியும்,” என்றார். இதை நான் மறக்கக் கூடாது. அவர் என்னை வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டிருப்பார், எனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்ததாகக் கேட்டிருப்பார். அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்துகொண்டு நான் முதலாளியம்மாவிடம் போனேன்.

“அக்கா, ஒரு சின்ன உதவி. கூடையும் படங்குமாக ஒரே ஒரு படம். ஐந்து நிமிடம்தான்.”

அவருக்கு விளங்கவே சற்று நேரம் எடுத்தது. “எதுக்கு மிஸ்? நான் அத விட்டு நாலு வருசம் ஆச்சே.”

“முன்பு எப்படி இருந்தீர்கள் என்று காட்டத்தான்.”

“அதான் வாயால சொன்னேனே. பத்தாதா?”

“படம் இருந்தால்தான் அக்கா, பணம் வரும்.”

இதைச் சொன்னதும் நான்தான். அப்படி ஒரு நிபந்தனையை யாரும் போடவில்லை. அவர் திரும்பித் தன் ஆறு பெண்களையும் பார்த்தார். அவர்கள் கையில் காளான் தட்டுகளை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். “படங்குக்கு நான் எங்க போக? எல்லாரும் மலையில நிக்கிறாங்க,” என்றார் மெதுவாக. அது ஒரு சாக்குப்போக்கு, என்னை விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம். எந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கும் அது புரியும். எனக்கும் புரிந்தது. நான் வாசலைப் பார்த்தேன்.

குனிந்து அந்த மிதியடியை எடுத்தவள் நான். இரண்டு உதறு உதறினேன். வந்தவர்களின் கால் ஈரம் இன்னும் அதில் இருந்தது. விறகு போட்டு வைத்திருந்த பழைய கூடையை ஒரு பெண் கொட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள், யாரையும் பார்க்காமல். எல்லோருமாகப் பக்கத்து மலைக்கு ஏறினோம். அந்தப் புதுச் சேலைக்கு மேலே, அவர் கைகளைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்க, நான் படங்கைச் சுற்றினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அம்மாவுக்கு ஒரு தோள்பட்டை எழாது. பள்ளிக்கூடம் போகுமுன் காலையில் அம்மாவுக்குப் படங்கு கட்டிவிடுவது என் வேலை. மேல் விளிம்பை இரண்டு மடிப்பு வெளியே மடித்து, பட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி, இடது பக்கத்தில் முடிச்சுப் போட்டு, முடிச்சின் தொங்கலை உள்ளே திருப்பிச் செருகிவிட வேண்டும். தொங்கல் வெளியே கிடந்தால் செடி பிடித்து இழுத்து, நடு மலையில் படங்கு அவிழ்ந்துவிடும். ஆயிரம் காலைகளில் செய்ததை அன்றும் செய்தேன்.

முதலாளியம்மா குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தொங்கல உள்ள திருப்பி வைக்கிறீங்களே, இத ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

எனக்குப் பின்னால் நாலு அடி தள்ளிப் பணிப்பாளர் நின்றிருந்தார். “பார்த்துப் பழகியதுதான், அக்கா,” என்றேன்.

“பாத்தா வராது இது. கட்டிக் கட்டித்தான் வரும்.” என் விரல்களைப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கா?” என்றார்.

நான் தலை குனிந்தபடி, இறுகிக் கிடந்த முடிச்சையே மறுபடியும் இறுக்கினேன்.

“சரி. நீங்களே கேக்குறப்போ நான் என்னத்தச் சொல்ல,” என்று அவர் நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கமரா சத்தம் கேட்டது. பிறகு இருபது முப்பது படங்கள் எடுத்தார்கள். ஆனால் தேர்ந்தெடுத்தது அந்த முதல் படத்தை. எல்லோரும் சிரிப்பு என்று சொல்வது, என்னை இன்னாள் என்று கண்டுபிடித்த அந்த முகத்தைத்தான்.

கைநூல் அச்சாகி ஒரு பிரதி வீட்டுக்கு வந்தபோது அம்மா அதை எடுத்துப் பார்த்தார். அவர் இப்போது என்னுடன்தான் கண்டியில் இருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “கட்டு நம்ம கட்டு மாதிரியே இருக்கு,” என்றார். பிறகு, “சேல புதுசா இருக்கே. புதுச் சேல மேல எவளாச்சும் படங்கு கட்டுவாளா?” என்று கேட்டார். வந்தவர்களில் ஒருவர் கண்ணிலும் படாத விஷயம் அது. தெரியவில்லை அம்மா, என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பணம் வந்தது, அதை மறைக்கக் கூடாது. கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. அறையைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைக்க மெஷின் வந்தது. அலுவலகத்தில் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள், மக்களோடு மக்களாகப் பழகத் தெரிந்தவள் என்று. அதற்குப் பிறகு அங்கே போன விருந்தினர்கள் எல்லோருக்கும் அட்டைப்படம் நினைவில் இருந்தது, எல்லோரும் அதே மாதிரி ஒரு படம் கேட்டார்கள். மூன்றாம் தடவை நான் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. வாகனச் சத்தம் கேட்டதும் அவரே, “இருங்க மிஸ், வேசத்தக் கட்டிட்டு வாறேன்” என்று உள்ளே போனார். வாசலில் பிளாஸ்டிக் மிதியடி கிடந்தது. பழைய படங்கு கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது.

அடுத்த வருடம், படிவத்தை நிரப்புவதற்காக, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காலையில் போனேன். பிள்ளைக்காம்பராவில் அவர் இல்லை. பைகளில் காளான் விரிந்து, விளிம்பு சுருளத் தொடங்கியிருந்தது. பெண்களில் மூத்தவர் என்னைப் பார்த்து, “மொதலாளியம்மா மலையில, மிஸ்,” என்றார். விறகுக்குப் போயிருக்கிறாராக்கும் என்று நினைத்தேன். “இல்ல. பேர் பதிஞ்சிட்டாங்க,” என்றார்.

அந்த மூத்தவரிடமிருந்துதான் முழுக் கதையும் தெரிந்தது. எங்கள் கைநூல் எப்படியோ தோட்டத்து அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. துரை அதை மேசையில் போட்டு முதலாளியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். “இது தோட்டத்து மலை. நீ நிக்கிறது தோட்டத்துச் செடியில. பாக்கிற எல்லாரும் நீ நம்ம ஆளுன்னுதான் நெனைக்கிறாங்க. அங்க ஆள் பத்தாம கொழுந்து முத்திக் கெடக்கு. போட்டோவுக்குக் கூடை தூக்கத் தெரிஞ்சவளுக்கு மலைக்கு வரத் தெரியாதா?” பேர் பதிந்த ஆளுக்குத்தான் தோட்டத்துக் கட்டடம், இல்லாவிட்டால் பிள்ளைக்காம்பராவைத் திரும்பக் கொடுத்துவிடு என்று முடித்துவிட்டார். இவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஆறு பெண்களின் பிழைப்பு போய்விடக் கூடாதென்று பேரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நாலு தடவை நடந்து அவர் வாங்கிய கட்டடத்தை நான் கட்டிவிட்ட ஒரு முடிச்சு கேள்வியாக்கிவிட்டது.

மத்தியானம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அவரைக் கண்டேன். வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ ஆளாக, தலையில் கயிறும் இடுப்பில் படங்குமாக நின்றார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். இது உண்மையான சிரிப்பு, கேலிச் சிரிப்பு.

“வாங்க மிஸ். இன்னைக்குப் படம் புடிக்கலியா?”

பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் தன் கொழுந்தை நிறுத்துவிட்டு வெளியே வரும்வரை வெயிலில் நின்றேன். வந்ததும், அலுவலகத்தில் பேசுகிறேன் அக்கா, துரைக்கு ஒரு கடிதம் எழுதவைக்கிறேன், எங்கள் பணமும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அவர் கேட்பார் என்று படபடவென்று சொன்னேன்.

“பேசுங்க,” என்றார். “என்ன சொல்லிப் பேசுவீங்க? எனக்கு ரெண்டு வேலை கெடச்சிருக்குன்னுதான் அவங்க நெனைப்பாங்க. பேர வெட்டிக்கிட்டு வந்தவ திரும்பப் போய்ப் பேர் குடுக்கிறதுன்னா என்னான்னு, மலையப் பாத்து வளந்த ஆளு சொன்னாத்தான் அவங்களுக்கு வெளங்கும்.” என் கண்ணை நேராகப் பார்த்தார். “சொல்லுவீங்களா?”

“சொல்றேன்க்கா,” என்றேன். அந்தச் சொல் வெகுகாலத்துக்குப் பிறகு அம்மாவின் பேச்சில் வந்தது. அவருக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

“ஒங்கம்மா இன்னமும் மலைக்குப் போறாங்களா?”

“இல்லக்கா. நின்னுட்டாங்க. எங்கூடத்தான் இருக்காங்க.”

“நல்லது,” என்றார். கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு, மணி அடித்ததும் மறுபடியும் மேலே ஏறினார்.

சொல்லத்தான் போனேன். அடுத்த வாரக் கூட்டத்தில் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். பணிப்பாளர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். முன்பு ஒரு வருமானம், இப்போது இரண்டு, இது நல்ல செய்திதானே என்றார். அந்தப் பெண்கள் யாருக்கும் வேலை போகவில்லையே என்று இன்னொருவர் சொன்னார். “இதை ஏன் நீங்கள் ஒரு சரிவாகப் பார்க்கிறீர்கள்?” என்று பணிப்பாளர் என்னைக் கேட்டார். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். நல்ல மனிதர். பதில் எனக்குத் தெரியும். என் அம்மா பேரை வெட்டிக்கொண்டு வந்த மறுநாள் அடுப்பு மூட்டாமல், கால் நீட்டி உட்கார்ந்து, காலை மணி அடித்ததைக் கேட்டுக் கேட்டுச் சிரித்ததைச் சொல்லியிருந்தால் போதும். மேசையைச் சுற்றி ஏழு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே வாவியைச் சுற்றி வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.

“அங்குள்ள பெண்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள்,” என்றேன்.

அங்குள்ள பெண்கள். அவர் அதைக் குறித்துக்கொண்டார், கவனத்தில் கொள்வோம் என்றார், அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். கடிதம் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் துரை கேட்டிருப்பாரா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். கேட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு நான் போகவில்லை. வேறு ஆளை அனுப்பும்படி பார்த்துக்கொண்டேன். விடியற்காலையில் நின்று பறிக்கவைக்க அவர் இல்லாததால், ஹோட்டல்களில் ஒன்று நின்றுவிட்டதாம், பிறகு மற்றதும். ஆறு பெண்களில் இரண்டு பேர் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பேர் கொஞ்சம் பைகளைத் தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மட்டும் கொண்டுபோகிறார்கள். எங்கள் படிவத்தில் ‘நடைபெறுகிறது’ என்று எழுதியிருக்கிறது, அதுவும் பொய்யில்லை. லயத்தில் இன்னும் அவரை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இப்போது அது கேலியா மரியாதையா என்று போய்க் கேட்க எனக்கு முகமில்லை.

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தாள். கெட்டிக்காரி, கண்ணில் படுவதை எல்லாம் கேட்பாள். என்னுடன் மாடிக்கு ஏறி வந்தவள் திருப்பத்தில் நின்றுவிட்டாள்.

“அக்கா, இஞ்ச பாருங்கோவன். ஆற்றையோ விரல் விழுந்திருக்கு.”

நான் இரண்டு படி மேலே நின்றேன். யாருடையவோ விரல்கள் என்று கவனித்தது ஐந்து வருடத்தில் இவள்தான் முதல் ஆள். அவள் படத்தின் அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். “தழும்பு கூடத் தெரியுது. பக்கத்தில நிண்ட தோட்டத்துப் பொம்பிளை ஆரோ கட்டிவிட்டிருக்கிறா போல, என்னக்கா?”

“ஆமாம்,” என்றேன். “தோட்டத்துப் பொம்பளைதான்.”

அவ்வளவு காலமும் வாயில் வராத உண்மை வந்துவிட்டது. ஆனால் அவள் அதை வேறு யாரோ ஒருத்தியைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் அவளே அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

“புதுசா அச்சடிக்கேக்க அதை வெட்டச் சொல்லட்டே? படம் இன்னும் வடிவா இருக்கும்.”

“வேண்டாம். இருக்கட்டும்,” என்றேன்.

“ஏனக்கா?”

மேலே தொலைபேசி அடிக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறினேன். தொலைபேசி எதுவும் அடிக்கவில்லை. ஏறும்போது, படிக்கட்டின் பிடியில் வைத்திருந்த கையை எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.